வருகைக்கு ஆயத்தம்: நாள் குறித்தவர்களும் வேலையில் நின்றவர்களும்

1780 மே 19ஆம் தேதி அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பட்டப்பகல் இருண்டது. காலையில் வானம் மஞ்சள் பூத்தது. நண்பகலில் வீடுகளுக்குள் மெழுகுவர்த்தி இல்லாமல் சாப்பிட முடியவில்லை. கோழிகள் கூட்டில் அடைந்தன. நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று பலர் ஆலயங்களுக்கு ஓடினார்கள். ஹார்ட்ஃபோர்டு நகரில் கூடியிருந்த கனெக்டிகட் சட்டமன்றத்தின் கீழவை கலைந்துவிட்டது. மேலவையையும் கலைத்துவிடலாம் என்று பேச்சு வந்தபோது ஏபிரகாம் டாவன்போர்ட் என்ற உறுப்பினர் மறுத்தார். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: இன்று அந்த நாளாக இல்லையென்றால் கலைய வேண்டிய அவசியம் இல்லை, அந்த நாளேதான் என்றால், ஆண்டவர் வரும்போது என் கடமையில் நான் காணப்படுவதையே விரும்புகிறேன், ஆகவே விளக்குகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இருட்டுக்குக் காரணம் காட்டுத்தீயின் புகை. கனடாவின் ஒன்டாரியோ வனப்பகுதியில் மரங்களின் ஆண்டு வளையங்களில் பதிந்திருந்த தீத்தழும்புகளை ஆராய்ந்தவர்கள் 2007இல் இதற்கு வலுவான சான்று தந்தார்கள். ஆனால் 1780இல் யாருக்கும் அது தெரியாது. அறுபது ஆண்டுகள் கழித்தும் அந்த இருட்டு மறக்கப்படவில்லை. 1833 நவம்பர் 13 அதிகாலையில் வானத்திலிருந்து எரிகற்கள் மழையாய்ப் பொழிந்ததையும் அதோடு சேர்த்து, இரண்டும் கடைசிக் காலத்தின் அடையாளங்கள் என்று எண்ணிய ஒரு பெரிய மக்கள் இயக்கம், கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு நாளே குறித்தது.

டாவன்போர்ட்டும் அந்த இயக்கத்தாரும் படித்தது ஒரே வேதாகமம். வருகையை இரு தரப்பாரும் நம்பினார்கள். ஒருவர் அதனால் வேலையில் அமர்ந்தார். மற்றவர்களில் பலர் வேலையை விட்டு எழுந்தார்கள். வேதாகமம் கேட்கும் ஆயத்தம் இவற்றில் எது என்பது இன்றும் தமிழ்ச் சபைகளில் தீராத கேள்வி. நாள் தெரியாது என்பதும், வருகை தாமதிக்கும் என்பதும் இயேசுவின் போதனைக்குள்ளேயே இருக்கின்றன என்பது என் துணிபு. அவற்றை நீக்கிவிட்டு எஞ்சுவதை ஆயத்தம் என்று சொல்ல முடியாது.

மத்தேயு சுவிசேஷத்தின் 24, 25ஆம் அதிகாரங்களைச் சேர்த்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் 24ஆம் அதிகாரத்தின் முதல் பாதி மட்டுமே கேட்கிறது: யுத்தங்கள், பஞ்சங்கள், கொள்ளைநோய்கள், பூமியதிர்ச்சிகள். ஒலிவ மலையில் சீஷர்கள் கேட்டது எப்பொழுது என்ற கேள்வி. அதற்கு இயேசு தந்த விடையில் தேதி இல்லை. அந்த நாள் தூதர்களுக்கும் தெரியாது, குமாரனுக்கும் தெரியாது, பிதா ஒருவருக்கே தெரியும் என்கிறார். அதன்பின் அவர் அடையாளங்களை விட்டுவிட்டுக் கதைகளுக்குப் போகிறார். எஜமான் ஊழியக்காரனை விட்டுப் போகிறான். மணவாளனுக்காகப் பத்துக் கன்னிகைகள் காத்திருக்கிறார்கள். ஒருவன் தன் தாலந்துகளை வேலைக்காரரிடம் ஒப்படைத்துப் புறதேசம் போகிறான். மூன்றிலும் தாமதம் சொல்லப்படுகிறது. முதல் கதையில் எஜமான் வர நாள் செல்லும் என்று பொல்லாத ஊழியக்காரன் நினைத்துக்கொள்கிறான். இரண்டாவதில் மணவாளன் வரத் தாமதிக்கிறான். மூன்றாவதில் வெகுகாலம் கழித்தே எஜமான் திரும்பிக் கணக்குக் கேட்கிறான். வருகை தள்ளிப்போனது ஆதிச் சபைக்கு ஏற்பட்ட தர்மசங்கடம் என்றும், அதற்குப் பின்னால் விளக்கம் கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்லும் வேத ஆராய்ச்சியாளர்கள் உண்டு. இந்தக் கதைகளைச் சபையே பின்னர் கோத்தது என்று வைத்துக்கொண்டாலும், நமக்குக் கையளிக்கப்பட்ட சுவிசேஷம் நீண்ட காத்திருப்பை முன்வைத்தே பேசுகிறது என்பது மாறாது.

கன்னிகைகளின் உவமையில் எளிதில் கவனத்துக்கு வராத ஒரு வரி உண்டு. பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள். புத்தியுள்ள ஐவரும் தூங்குகிறார்கள். அதற்காக யாரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. வேறுபாடு எண்ணெயில்தான் இருக்கிறது: நள்ளிரவுவரை நீண்டாலும் போதும் என்ற அளவுக்கு ஐவர் கொண்டு வந்திருந்தார்கள். நேரம் ஆகாது என்று நம்பி வந்தவர்களுக்கே கதவு அடைபட்டது. வருகை மிகச் சமீபம் என்ற நினைப்பே ஒருவரை ஆயத்தமில்லாதவராக்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஊழியக்காரனுக்குக் கொடுக்கப்பட்ட வேலையும் கவனிக்கத்தக்கது. வீட்டாருக்கு ஏற்ற வேளையில் சாப்பாடு போடுவது அவன் வேலை. வாசலில் நின்று வழி பார்ப்பது அவனுக்கு இட்ட கட்டளை அல்ல. பொல்லாதவன் செய்யும் குற்றமும் அந்த வீட்டுக்குள்ளேயே நடக்கிறது: உடன் வேலைக்காரரை அடிக்கிறான், வெறியரோடு குடிக்கிறான். கடைசியில் வரும் நியாயத்தீர்ப்புக் காட்சியில் செம்மறியாடுகளாக வலப்பக்கம் நிற்பவர்கள், தாங்கள் ராஜாவுக்கு எப்போது சோறும் தண்ணீரும் கொடுத்தோம் என்று தெரியாமல் திகைக்கிறார்கள். ஆயத்தமாயிருந்தவர்களுக்கே தாங்கள் ஆயத்தமாயிருந்தது தெரியவில்லை.

பவுலின் முதல் கடிதம் எனப் பெரும்பாலோர் கொள்ளும் 1 தெசலோனிக்கேயரிலும் இதே ஓட்டத்தைக் காணலாம். கிரேக்க நாட்டின் டெல்ஃபியில் கிடைத்த கல்வெட்டு ஒன்று, பவுல் கொரிந்துவில் சந்தித்த கல்லியோன் எந்தக் காலத்தில் அதிபதியாயிருந்தான் என்று காட்டுகிறது. அதைக் கொண்டு இந்தக் கடிதம் கி.பி. 50ஐ ஒட்டி எழுதப்பட்டது என்று கணிக்கிறார்கள். இயேசு சிலுவையில் அறையப்பட்டு இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. தெசலோனிக்கே சபையில் சிலர் இறந்துபோனார்கள். வருகைக்கு முன் இறந்தவர்கள் கதி என்ன என்று மற்றவர்கள் துக்கப்பட்டார்கள். எக்காளம் தொனிக்க மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்கள் அவர்களோடு மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று 4ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியது அந்தத் துக்கத்தை ஆற்றத்தான். இன்று இரகசிய வருகை பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் திறப்பது இந்தப் பகுதியைத்தான். அதற்குச் சற்று மேலே, 11ஆம் வசனத்தில், அமைதியாயிருங்கள், உங்கள் சொந்த அலுவலைப் பாருங்கள், உங்கள் கைகளால் வேலை செய்யுங்கள் என்ற பொருளில் அவர் எழுதியிருப்பதை யாரும் அதோடு சேர்த்து வாசிப்பதில்லை. எக்காளத்துக்கு முன்னால் பட்டறை வருகிறது. எழுதியவரும் கூடாரம் செய்யும் தொழிலாளி. இரவும் பகலும் வேலை செய்து பிழைத்தேன் என்று அதே கடிதத்தில் நினைவூட்டுகிறார்.

இரண்டாம் கடிதத்தில் நிலைமை மோசமாகியிருக்கிறது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று பவுலின் பேரிலேயே கடிதம் உலவியிருக்கக்கூடும் என்ற அச்சம் தெரிகிறது. சிலர் வேலையை விட்டுவிட்டு ஊர்வம்பில் திரிந்தார்கள். வேலை செய்ய மனமில்லாதவனுக்குச் சாப்பாடும் வேண்டாம் என்ற கண்டிப்பான விதி அந்தச் சூழலில் பிறந்தது. அவர்கள் வேலையை விட்டது வருகையை எதிர்பார்த்தா, வேறு காரணத்தாலா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எதுவானாலும் அவர்களுக்குப் பவுல் தந்த மருந்து ஒன்றே: வேலைக்குத் திரும்புங்கள்.

இனி, நாள் குறித்த அந்த இயக்கத்தின் தலைவர் வில்லியம் மில்லர். இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இவர் ஏமாற்றுக்காரர் அல்லர். 1782இல் பிறந்த விவசாயி. நியூயார்க் மாநிலத்தின் லோ ஹாம்ப்டன்காரர். 1812இல் தொடங்கிய போரில் படைத்தலைவராகப் போரிட்டவர். நம்பிக்கையற்றிருந்து 1816இல் மனந்திரும்பினார். வேதாகமத்தையும் ஓர் ஒத்தவாக்கிய அகராதியையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஆதியாகமத்திலிருந்து வசனம் வசனமாக இரண்டு ஆண்டுகள் படித்தார். தானியேல் 8ஆம் அதிகாரத்தில் வரும் 2300 இராப்பகல் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாளை ஓர் ஆண்டாகக் கொள்ளலாம் என்ற பழைய விதியை எடுத்துக்கொண்டார். எருசலேமைக் குறித்துப் பாரசீக அரசன் அர்தசஷ்டா எஸ்றாவுக்கு அளித்த கட்டளையின் ஆண்டை, கி.மு. 457ஐ, தொடக்கமாக வைத்தார். 2300இலிருந்து 457ஐக் கழித்தால் 1843. பரிசுத்த ஸ்தலத்தின் சுத்திகரிப்பு என்று தானியேல் சொல்வது, கிறிஸ்து வந்து பூமியைச் சுத்திகரிப்பதே என்று முடிவுகட்டினார்.

இந்த முடிவுக்கு வந்தது 1818இல். பிறகு பதின்மூன்று ஆண்டுகள் அவர் மேடை ஏறவில்லை. திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். 1831இல்தான் முதன்முதலாகப் பொதுவில் பேசினார். 1839இல் பாஸ்டன் நகரப் போதகர் ஜோசுவா ஹைம்ஸ் அவரைச் சந்தித்தபின் எல்லாம் மாறியது. ஹைம்ஸ் அடிமை முறையை எதிர்த்தவர், அச்சு இயந்திரத்தின் வலிமையை அறிந்தவர். பத்திரிகைகள் வந்தன. தானியேல் புத்தகத்தின் சிலையும் மிருகங்களும் ஆண்டுக் கணக்குகளும் வரைந்த பெரிய படத்துணிகள் கூடாரங்களில் தொங்கின. நம் கன்வென்ஷன் பந்தல்களில் கடைசிக் காலத் தொடர் பிரசங்கம் நடக்கும்போது மேடையில் தொங்கும் படங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

1843 மார்ச் 21க்கும் 1844 மார்ச் 21க்கும் இடையே வருகை நடக்கும் என்று மில்லர் சொன்னார். அந்த ஓராண்டு கடந்தது. கணக்கில் ஒரு பிழை இருந்ததும் பேசப்பட்டது: கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ய ஆண்டு கிடையாது. ஆகவே 2300 ஆண்டுகள் முடிவது 1844இல். அந்த ஆகஸ்டில் சாமுவேல் ஸ்னோ என்பவர், லேவியராகமத்தின் பாவநிவிர்த்தி நாளான ஏழாம் மாதம் பத்தாம் தேதியே அந்த நாள் என்றார். கராய யூதர்களின் பஞ்சாங்கப்படி அது அக்டோபர் 22. மில்லர் இதை எளிதில் ஏற்கவில்லை. குறித்த நாளுக்குச் சுமார் இரண்டு வாரம் இருக்கும்போதுதான் இசைந்தார்.

நம்பியவர்களின் எண்ணிக்கையை ஐம்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம்வரை மதிப்பிடுகிறார்கள். பிலடெல்ஃபியாவில் ஒரு கடைக்காரர், ராஜாதி ராஜாவின் வருகையை முன்னிட்டுக் கடை மூடப்படுகிறது என்ற பொருளில் அறிவிப்பு ஒட்டினார். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்கள் இருந்தார்கள். வெள்ளை அங்கி உடுத்தி மலையுச்சியில் நின்றார்கள் என்ற கதை மட்டும் எதிரிகள் பரப்பிய கேலி. அதற்கு ஆதாரம் இல்லை. வீடுகளிலும் ஜெபக் கூடங்களிலும் கூடி அழுது ஜெபித்தார்கள் என்பதே உண்மை. 23ஆம் தேதி பொழுது விடிந்தது.

அதற்கடுத்த வாரங்கள் வரலாற்று நூல்களில் சில வரிகளில் முடிந்துவிடுகின்றன. எனக்கோ அவையே முக்கியமாகப் படுகின்றன. குளிர்காலம் வாசலில் நின்றது. நிலத்தையும் சேமிப்பையும் இழந்த குடும்பங்கள் கையேந்தும் நிலையில் இருந்தன. எளியவர்களுக்கு உதவ விசுவாசிகள் முன்வர வேண்டும் என்று ஹைம்ஸ் வேண்டுகோள் விடுத்து நிவாரணத்துக்கு ஏற்பாடு செய்தார். எஜமான் வரும்போது வீட்டாருக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்ற உவமைக்கு, எஜமான் வரவில்லை என்று தெரிந்த மறுவாரம் அவர்கள் கீழ்ப்படிந்தார்கள். மில்லர் தன் கணக்குத் தவறியதை ஒப்புக்கொண்டார். உள்ளூர் பாப்திஸ்து சபை அவரை விலக்கியது. 1849இல் இறக்கும்வரை வருகை சமீபம் என்ற நம்பிக்கையை அவர் விடவில்லை.

எஞ்சியவர்களில் ஒரு பிரிவினர், அந்த நாளில் கிறிஸ்து பரலோகத்தின் பரிசுத்த ஸ்தலத்தில் தம் ஊழியத்தின் அடுத்த கட்டத்தைத் தொடங்கினார் என்று விளக்கம் கண்டார்கள். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அதைக் கைக்கொண்டு 1863இல் அமைப்பாகத் திரண்ட ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை, அதன்பின் நாள் குறிக்கவில்லை. மருத்துவமனைகளும் பள்ளிகளும் கட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சபையின் மிஷனரிகள் திருநெல்வேலிச் சீமைக்கு, நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்துக்கு வந்து பள்ளி நடத்தினார்கள். அங்கே அவர்களுக்கு முன்பே சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் மிஷனரிகளை விட்டுப் பிரிந்து தொடங்கிய சபையார் அவர்கள்.

நாள் குறித்தல் அமெரிக்காவோடு நின்ற சங்கதி அல்ல. பாலக்காட்டுத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் 1835இல் பிறந்த ராமய்யன், 1861இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று யுஸ்துஸ் ஜோசப் ஆனார். ஆங்கிலிகன் சபையில் குருப்பட்டம் பெற்றார். 1870களில் திருவிதாங்கூரில் எழுப்புதல் பரவியபோது அவர் அதன் முன்னணியில் நின்றார். ஐந்தரை ஆண்டில் கிறிஸ்து வருவார் என்று 1875இல் ஒரு தீர்க்கதரிசனம் எழுந்தது. அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் மிஷனை விட்டுப் பிரிந்தார்கள். ஊரார் அவர்களை அஞ்சரை வேதக்காரர் என்று அழைத்தார்கள். 1881 கடந்தது. வருகை ஆவிக்குரிய முறையில் நிறைவேறிற்று என்றார்கள். யுயோமயம் என்ற பெயரில் அச்சபை சுருங்கிப்போயிற்று. 1887இல் அவர் இறந்தார். ஆண்டவருக்காக ஏங்கி அவர் இயற்றிய பாடல்களை மலையாளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. கணக்குப் பொய்த்தது, ஏக்கம் நிலைத்தது.

இதற்குச் சற்று முன் வாழ்ந்தவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். மிஷனரி ரேனியஸிடம் பயின்றவர், மிஷனரி அந்தோணி நோரிஸ் குரோவ்ஸின் சீடர். குரோவ்ஸும் அவரைச் சேர்ந்த சகோதரர் சபையாரும் வருகையை எந்நேரமும் எதிர்பார்த்தவர்கள். அந்தப் போதனையில் ஊறிய அருளப்பன், மிஷன் சம்பளம் வாங்காமல், 1840இல் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரையே அமைத்தார். 1860இல் அங்கிருந்து புறப்பட்ட எழுப்புதல் திருநெல்வேலி முழுவதும் பரவித் திருவிதாங்கூரையும் எட்டியது. வருகை நாளையே இருக்கலாம் என்று நம்பியவர் பேரப்பிள்ளைகளும் குடியிருக்கும்படி ஊர் கட்டினார். இந்த இரண்டையும் ஒரு மனிதர் ஒருசேரச் செய்ய முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது.

அண்மைக் காலக் கதைகள் இத்தனை கண்ணியமானவை அல்ல. தென்கொரியாவில் லீ ஜாங் ரிம் என்பவர் 1992 அக்டோபர் 28 என்றார். மக்கள் வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள். அவரோ அந்தத் தேதிக்குப் பின் முதிர்வடையும் கடன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார். மோசடிக் குற்றத்துக்குச் சிறை சென்றார். அமெரிக்க வானொலிப் போதகர் ஹாரல்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். பொய்த்தபின், 2012இல், நாள் குறித்தது பாவம் என்று வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டார். 89 வயதில் நாடறிய அந்த நாளைச் சொன்னவர் மறு ஆண்டே இதை எழுதியதை நான் மதிக்கிறேன்.

நம்மிடையே இன்று யாரும் துணிந்து தேதி சொல்வதில்லை. அதற்குப் பதில் அடையாளம் சொல்கிறார்கள். பார்கோடு, ஆதார், கொரோனா தடுப்பூசி என்று ஒவ்வொன்றும் முறை வைத்து 666 ஆனது. வாட்ஸ்அப் செய்தியை நம்பித் தடுப்பூசி போடாமல் இருந்த முதியவர்களை நினைத்தால் கோபம் வருகிறது. அந்த எண் வரும் வெளிப்படுத்தின விசேஷம் ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. பேரரசனின் சிலைக்கு முன் மண்டியிடாதே, விலை கொடுத்தாலும் உண்மையாயிரு என்று நெருக்கப்பட்ட மக்களுக்குத் தைரியம் சொன்ன புத்தகம். அதை வைத்துக் கிழவியைப் பயமுறுத்துவது அந்தப் புத்தகத்துக்குச் செய்யும் துரோகம்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கூச்சலுக்கு வெட்கப்பட்டு வருகையைப் பற்றி வாயே திறக்காத மேடைகளும் உண்டு. அட்வெந்து நாட்கள் கேரல் பவனிக்கும் கிறிஸ்துமஸ் மரத்துக்குமான தயாரிப்பாகவே முடிந்துவிடுகின்றன. கணக்குக் கேட்க ஒருவர் வருகிறார் என்ற நம்பிக்கையை எடுத்துவிட்டால், அநியாயம் செய்பவனுக்குப் பயமும் இல்லை, அநியாயம் அனுபவிப்பவனுக்கு ஆறுதலும் இல்லை. பேதுருவின் இரண்டாம் கடிதம் தாமதத்தைத் தேவனுடைய பொறுமை என்கிறது: மனந்திரும்ப நமக்குத் தரப்பட்ட தவணை.

அந்தத் தவணையில் செய்ய வேண்டியதை யாக்கோபு தம் கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அந்த அதிகாரம் தொடக்கத்திலேயே சொல்கிறது. உடனே, முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கும் விவசாயியைக் காட்டி, கர்த்தரின் வருகைவரை பொறுமையாயிருங்கள் என்கிறது. நியாயாதிபதி வாசலண்டை நிற்கிறார் என்று எச்சரிக்கிறது. கூலி பாக்கியும் வருகையும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே இதை வாசிக்கும் விசுவாசியிடமும் சபைப் பொறுப்பிலிருப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கும், கட்டடம் முடித்துப் போன கொத்தனாருக்கும், ஆலயத்தில் மணியடிக்கும் கோயிற்பிள்ளைக்கும், சபைப் பள்ளியில் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்தும் ஆசிரியைக்கும் தர வேண்டிய பாக்கி இருந்தால், அடுத்த வருகைப் பிரசங்கத்துக்கு முன் அதைக் கொடுத்துவிடுங்கள்.